38ஆம் போர்டில் ஒரு டிரா

செஸ் போட்டி நடக்கும் மண்டபங்களின் வாசலில் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். பிள்ளைகளை அழைத்து வந்த அப்பாக்கள், அம்மாக்கள், தாத்தாக்கள். உள்ளேயிருந்து யார் வெளியே வந்தாலும் முதல் கேள்வி, "வின்னா, லாஸா?" என்பதுதான். "டிரா" என்று பதில் வந்தால், "சரி, விடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஒன்றும் நடக்காத ஆட்டம் என்று நினைப்பு. எனக்கு அந்த "சரி, விடு" பொறுக்காது. ஆர்பிட்டராக மேசைகளுக்கு நடுவே நடந்து நடந்து நான் பார்த்த ஆட்டங்களில் மனதில் தங்கியவை எவை என்று கேட்டால், டிராவில் முடிந்தவைதான் முதலில் வருகின்றன. அப்படி ஒன்றை இங்கே சொல்கிறேன். ஆடியவர்கள் பெரிய பெயர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போய் ஆடிப் பழகிய இரண்டு பேர்.

கரூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ரேட்டிங் போட்டி அது. மேடைக்கு முன்னால் முதல் பத்து போர்டுகள். அங்கேதான் பெரிய ஆட்டக்காரர்கள், அங்கேதான் வேடிக்கை பார்ப்பவர்கள், அங்கேதான் ஏசி காற்று சரியாக வரும். வரிசை பின்னால் போகப் போகப் பந்தி மேசைகள் தொடங்கிவிடும். 38ஆம் போர்டு கை கழுவும் தொட்டியை ஒட்டி இருந்தது. சாம்பார் வாசம் வரும், மின்விசிறி சத்தம் கேட்கும், போகிறவர் வருகிறவர் நிழல் பலகைமேல் விழும். அந்த இடத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரத்துக்குமேல் இருவர் தலை நிமிராமல் ஆடினார்கள்.

வெள்ளைக் காய்களுடன் ஆடியவர் ஜவுளி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவர். ஐம்பதை நெருங்குகிற வயது. ரேட்டிங் 1712. கறுப்பு, அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஆசிரியை. ரேட்டிங் 1510. இருவரும் அதுவரை ஒரே அளவு புள்ளி எடுத்திருந்ததால் சுவிஸ் முறைப்படி ஜோடி சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர் வரும் போட்டியில் எல்லாரும் எல்லாருடனும் ஆட முடியாது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களைக் கோத்துவிடுவார்கள். தோற்றாலும் யாரும் வெளியே போக வேண்டியதில்லை. 1895இல் சூரிச்சில் நடந்த ஒரு செஸ் போட்டியில் முதன்முதலாகக் கையாண்ட முறை என்பதால் அதற்கு அந்தப் பெயர்.

ரேட்டிங் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது பரீட்சை மார்க் இல்லை. உங்களுக்கும் எதிராளிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து, உங்களிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் கணக்கு. வகுத்தவர் அர்பாட் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், மில்வாக்கியில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்க செஸ் கூட்டமைப்பு அவர் கணக்கை 1960இல் ஏற்றது, உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றது. 1712க்கும் 1510க்கும் வித்தியாசம் 202. ஃபிடே அட்டவணைப்படி, இந்த வித்தியாசத்தில் நூறு ஆட்டம் ஆடினால் மேலே இருப்பவர் 76 புள்ளி எடுக்க வேண்டும். ஆகவே கணக்கர் ஜெயித்தால் அவருக்குக் கூடுவது 4.8 மட்டுமே. தோற்றால் 15.2 குறையும். டிரா என்றால் அவருக்கு 5.2 நஷ்டம், ஆசிரியைக்கு அதே 5.2 லாபம். வாசலில் நிற்பவர்கள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நினைக்கும் முடிவு, ரேட்டிங் பட்டியலில் ஒருவரை ஏற்றி ஒருவரை இறக்கிவிடுகிறது.

அந்த 5.2 கிளப் ஆட்டக்காரர்களுக்குச் சின்ன விஷயமா என்றால், இல்லை. 2024 மார்ச்சில் ஃபிடே பட்டியலின் அடிமட்டத்தை 1400 ஆக உயர்த்தியது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000ஐத் தொட எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. 1200இல் இருந்தவர் ஒரே நாளில் 1520 ஆனார். பலர் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நம் ஊர் ஆட்டக்காரர்கள் என்னிடம் சொன்னது வேறு. கொடுத்து வாங்கிய முந்நூறைவிட ஆடி வாங்கிய ஐந்துதான் பெரிதாகத் தெரிகிறது என்றார்கள். எனக்கும் அப்படித்தான்.

ஆட்டத்துக்கு வருகிறேன். இத்தாலியன் ஆரம்பம். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம், குதிரை, பிஷப் என்று வெளியே கொண்டுவந்து, இரு பக்கமும் காஸ்லிங் செய்து ராஜாவை மூலையில் பத்திரப்படுத்தும் பழைய வழி. முதல் பதினைந்து நகர்த்தல்களில் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் தெரிந்ததை ஆடினார்கள். பிறகு நடுக்கட்டத்தில் டி வரிசைச் சிப்பாய்களில் ஒரு ஜோடி மாறிப்போனது. யாருக்கும் பெரிய சாதகம் இல்லை. ஆனால் கிளாக் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது.

ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். நம் ஊர்ப் போட்டிகளில் இதுதான் வழக்கம். அறுபது நகர்த்தல் ஆடினால் ஒருவருக்குக் கிடைப்பது மொத்தம் 120 நிமிடம். கேட்க நிறையத் தோன்றும். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் தெரியும். ஆசிரியை இருபதாவது நகர்த்தலுக்கு முன்னால் ஒரே யோசனையில் பதினெட்டு நிமிடம் போட்டார். கணக்கர் ஸ்கோர் ஷீட்டில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பக்கத்தில் மீதி நேரத்தைச் சின்ன எழுத்தில் குறித்துக்கொண்டே வந்ததால் எனக்கு அது நன்றாகத் தெரியும். பேரேட்டில் பற்று வரவு எழுதிய பழக்கமாக இருக்கலாம். நடுக்கட்டம் முடியும்போது அவரிடம் 31 நிமிடம், ஆசிரியையிடம் ஆறு.

31ஆவது நகர்த்தலில் அது நடந்தது. ஆசிரியை சி6 கட்டத்தில் இருந்த குதிரையைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது. அந்தக் குதிரைதான் இ5 சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. குதிரை எங்கே நகர்ந்தாலும் சிப்பாய் போய்விடும். காயைத் தொட்டுவிட்டால் அதை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது செஸ்ஸின் மிகப் பழைய விதிகளில் ஒன்று. கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமானால் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தொட்டபின் சொன்னால் செல்லாது.

நான் நாலடி தூரத்தில் இருந்தேன். கணக்கர் அப்போது பலகையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியை அக்கம்பக்கம் பார்க்கவே இல்லை. விரலை எடுத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, அதே குதிரையை எடுத்து இருப்பதில் நல்ல கட்டத்தில் வைத்தார். கிளாக்கை அழுத்தினார். எழுதினார். கணக்கர் கண்ணைத் திறந்து, நம்ப முடியாமல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சிப்பாயை எடுத்துக்கொண்டார்.

எங்கள் வேலையைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு, ஆர்பிட்டர் என்றால் தப்பு பிடிக்கிறவர் என்று. நூறு போர்டு ஓடும் மண்டபத்தில் நாலைந்து ஆர்பிட்டர்கள் என்ன பிடித்துவிட முடியும்? தொட்ட காயை ஆடுவதும், ஆடியதை உள்ளபடி எழுதுவதும், தோற்றால் கை கொடுப்பதும் ஆடுகிறவர்களே காப்பாற்றி வருவதால்தான் இந்தப் போட்டிகள் நடக்கின்றன. அந்த ஆசிரியைக்கு அன்று ஒரு சிப்பாய் போனது. என் மனதில் அவர் இருந்த இடம் உயர்ந்தது.

அடுத்த ஐந்தாறு நகர்த்தல்களில் ராணிகள் மாறின, குதிரைகளும் பிஷப்புகளும் மாறின. ஆளுக்கு ஒரு யானை மிச்சம். யானை எண்ட்கேம் என்பார்கள். ராஜாவுக்கு வலப்பக்கத்தில் வெள்ளைக்கு நாலு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. இடப்பக்கத்தில், ஏ வரிசையில், ஆளுக்கு ஒன்று. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அதிகம், நேரமும் அதிகம், ரேட்டிங்கும் அதிகம். அந்த வழியாகப் போன ஒரு பையன் பலகையைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சது" என்று நண்பனிடம் உதட்டசைத்துவிட்டுப் போனான்.

முடியவில்லை. யானை எண்ட்கேமில் ஒரு சிப்பாய் அதிகம் இருப்பது மட்டும் வெற்றி ஆகாது என்பதை உலகமே பார்த்தது சிங்கப்பூரில். 2024 டிசம்பர் 12, உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம். அதுவரை இருவரும் 6.5க்கு 6.5. நம்ம குகேஷ் கறுப்பு, டிங் லிரென் வெள்ளை. ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனால் சரியாகத் தடுத்தால் டிரா. டிராவாகியிருந்தால் ஏழுக்கு ஏழு, மறுநாள் வேக ஆட்டங்களில் பட்டம் முடிவாகியிருக்கும். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்தார். அந்த ஒரு நகர்த்தலில் யானைகள் போய், பிஷப்புகளும் போய், வெறும் சிப்பாய் ஆட்டமாகத் தோற்கும் நிலை வந்துவிட்டது. பதினெட்டு வயதில் குகேஷ் சாம்பியன். நாம் எல்லாரும் அந்தக் கண்ணீரைப் பார்த்தோம். நான் அன்று இரவு நினைத்துக்கொண்டது, கையில் இருந்த ஒரு டிரா நழுவியதில் உலகப் பட்டமே கை மாறிவிட்டது என்பதை. அந்தப் பதினான்கு ஆட்டங்களில் ஒன்பது டிரா. அந்த ஒன்பதிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்திருக்கிறார்.

கரூரில் கணக்கர் அவசரப்படவில்லை. 44ஆவது நகர்த்தலில் இரண்டு பக்கத்து ஏ சிப்பாய்களும் மாறின. மெதுவாக, ஒவ்வொன்றாக, வலப்பக்கத்துச் சிப்பாய்களும் மாறத் தொடங்கின. 63ஆவது நகர்த்தல் முடிந்தபோது பலகையில் மொத்தமே ஐந்து காய்கள். வெள்ளைக்கு ராஜா, யானை, இ வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்புக்கு ராஜா, யானை. ஆசிரியையின் கிளாக்கில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கிடைக்கும் அந்த 30 விநாடியில்தான் அவர் யோசித்து, ஆடி, எழுத வேண்டும். நேரம் குறைந்துவிட்டது என்று எழுதாமல் விட முடியாது. 30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசி வரை எழுதியே ஆக வேண்டும்.

66இல் அவர் நகர்த்திவிட்டு, கிளாக்கை அழுத்துவதற்கு முன், "சார், டிரா?" என்று மெல்லக் கேட்டார். கேட்க வேண்டிய முறை அதுதான்: ஆடு, கேள், அழுத்து. கணக்கர் தலையசைத்தார். "ஆடலாம் மேடம்." இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு சிப்பாய் அதிகம் வைத்திருப்பவர் எதிராளியிடம், "உங்களுக்கு இது தெரியுமா என்று காட்டுங்கள்" என்று கேட்பது மரியாதைக்குரிய கேள்விதான். ஆசிரியையும் மறுபடி டிரா கேட்கவில்லை. சும்மா சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அது தொந்தரவு, விதிப்படி நான் கண்டிக்க வேண்டிவரும். அவர் பதிலைப் பலகையில் சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பதில் பாரிஸில் இருந்து வந்தது. பிரான்சுவா ஆந்த்ரே தனிக்கான் ஃபிலிடோர், 1726இல் பிறந்தவர், 1795இல் லண்டனில் இறந்தவர். தொழில் இசை. அவர் எழுதிய ஆப்பெராக்களைப் பாரிஸ் விரும்பிப் பார்த்தது. சிறுவனாக வெர்சாய் அரண்மனைத் தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தபோது, அங்கே காத்திருந்த இசைக்காரர்கள் ஆடியதைப் பார்த்து செஸ் பழகியவர். பலகையைப் பார்க்காமலே ஆடிக் காட்டி ஐரோப்பாவை வியக்கவைத்தவர். 1749இல் லண்டனில் அவர் புத்தகம் வந்தது. 1777இல் அதைத் திருத்தி வெளியிட்டபோது, ஒரு யானையும் சிப்பாயும் இருப்பவரை வெறும் யானை வைத்திருப்பவர் எப்படித் தடுக்கலாம் என்று காட்டினார். இன்று உலகம் முழுவதும் கிளப்புகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் யானைப் பாடம் அது.

பாடம் இவ்வளவுதான். பலகையில் நெடுக்காக ஏ முதல் எச் வரை எட்டு வரிசை, குறுக்காக ஒன்று முதல் எட்டு. வெள்ளைச் சிப்பாய் இ5இல் நிற்கிறது. எட்டாவது வரிக்குப் போனால் ராணியாகிவிடும். கறுப்பு ராஜா அதன் பாதையிலேயே, இ8இல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை யானை எச்7இல் நின்று ஏழாவது வரியை அடைத்துக்கொண்டிருக்கிறது, கறுப்பு ராஜா முன்னால் வர முடியாது. வெள்ளை ராஜா டி5இல். அது ஆறாவது வரிக்கு ஏறிவிட்டால் கறுப்புக்கு ஆபத்து. ஆகவே கறுப்பு யானை ஆறாவது வரியிலேயே நிற்க வேண்டும். இங்கும் அங்கும் அந்த வரிக்குள்ளேயே நகரலாம், வரியை மட்டும் விடக்கூடாது. வெள்ளை ராஜாவுக்கு வழி அடைபட்டிருக்கும்.

வெள்ளை என்ன செய்யும்? வேறு வழியில்லாமல் ஒரு நேரத்தில் சிப்பாயை இ6க்குத் தள்ளும், கறுப்பு யானையின் பார்வையை மறைக்க. அந்தக் கணம்தான் பாடத்தின் உயிர். அதுவரை அசையாமல் காத்த யானை அந்த நகர்த்தலிலேயே வரியை விட்டு, பலகையின் மறுகோடிக்கு, முதல் வரிக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து வெள்ளை ராஜாவுக்குப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏன் முன்பே போகக்கூடாது? முன்பே போனால் வெள்ளை ராஜா இ6இல் ஏறி, தன் சிப்பாய்க்கு முன்னால் ஒளிந்துகொள்ளும். பின்னாலிருந்து வரும் செக்கைச் சிப்பாய் மறைத்துவிடும். இப்போது இ6இல் சிப்பாயே போய் உட்கார்ந்துவிட்டது. மழைக்கு ஒதுங்கத் திண்ணையில்லாத தெருவில் நிற்பவனைப்போல் வெள்ளை ராஜா வெட்டவெளியில் நிற்கிறது.

புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். நாலு மணி நேரம் ஆடிய களைப்பில், 30 விநாடியில், கை கழுவுகிறவர்கள் சத்தத்தில் அது நினைவுக்கு வர வேண்டும். வந்த பிறகும் பொறுமை வேண்டும். 63 முதல் 76 வரை கணக்கர் யானையை இங்கே அங்கே நகர்த்திப் பார்த்தார். ராஜாவை ஒரு பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். ஆசிரியையின் யானை பி6, ஏ6, ஜி6, மறுபடி பி6. ஒருமுறைகூட வரியை விட்டுக் கீழே இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கிளாக்கில் ஐந்து, ஆறு விநாடி இருக்கும்போது அழுத்தினார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். ஆர்பிட்டர் தலைக்குமேல் நின்றால் ஆடுகிறவருக்குக் கை நடுங்கும்.

77ஆவது நகர்த்தலில் கணக்கர் சிப்பாயை இ6க்குத் தள்ளினார். அவருக்கும் ஃபிலிடோரைத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் கேட்டுப் பார்த்தார். ஆசிரியை யோசிக்கவே இல்லை. பி6 யானை நேராகக் கீழே இறங்கி பி1இல் நின்றது.

இனி வெள்ளை ராஜா டி6க்கு வந்தால் அடுத்த நகர்த்தலில் யானை எச்8 செக், கறுப்பு ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை, மேட். எஃப்6க்கு வந்தாலும் அதே மேட். ஆகவே கறுப்பு ஒரு நகர்த்தலைக்கூட வீணாக்க முடியாது. ராஜா டி6. யானை டி1, செக். ராஜா இ5க்கு இறங்கியது. யானை இ1, செக். ராஜா எஃப்6. யானை எஃப்1, செக். திரும்ப இ5. யானை இ1, செக். மறுபடி டி6. டி1, செக். மறுபடி இ5.

83ஆவது நகர்த்தல். ஆசிரியை காயைத் தொடவில்லை. பேனாவை எடுத்து எழுதினார், கிளாக்கை நிறுத்தினார், கையைத் தூக்கினார். நான் போனேன்.

"சார், க்ளெய்ம் பண்றேன். மூணு தடவை அதே பொசிஷன்."

"எந்த மூவ், மேடம்?"

"இப்ப எழுதியிருக்கேன் சார். யானை இ1 செக். இன்னும் ஆடல."

இதைவிடச் சரியாக ஒருவர் செய்ய முடியாது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்பதில்தான் கோட்டை விடுவார்கள். மூன்றாவது தடவை வரவைக்கும் நகர்த்தலைத் தாங்களே ஆடப் போகிறார்கள் என்றால், அதை ஆடாமல் எழுதி மட்டும் வைத்து, ஆர்பிட்டரிடம் சொல்ல வேண்டும். ஆடி அழுத்திவிட்டால் அந்த நேரத்துக்கு உரிமை போய்விடும். மூன்று முறையும் தொடர்ந்து வர வேண்டும் என்பதும் இல்லை, இடையில் வேறு நிலைகள் வந்துபோகலாம். ஆனால் காய்கள் எல்லாம் அதே கட்டத்தில் இருக்க வேண்டும், ஆட வேண்டிய முறை அதே ஆளுடையதாக இருக்க வேண்டும். தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்து, எழுதிய நகர்த்தலையே ஆடவைத்து ஆட்டம் தொடரும்.

கணக்கர் சண்டை போடவில்லை. "ரெண்டு தடவைதானே வந்திருக்கு சார்?" என்று மட்டும் கேட்டார். நியாயமான சந்தேகம். டி6இலும் எஃப்6இலும் மாறி மாறிப் போனதால் எண்ணிக்கை குழம்பும். பக்கத்தில் ஆட்டம் முடிந்து காலியாக இருந்த பலகையை இழுத்தேன். இரண்டு ஸ்கோர் ஷீட்டையும் பக்கத்தில் வைத்தேன். ஆசிரியையின் எழுத்து கரும்பலகை எழுத்து, கடைசி நகர்த்தல் வரை கோடு மாறாமல் நின்றது. கணக்கரின் தாளில் 70க்குமேல் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, ஆனால் ஒரு நகர்த்தலும் விடுபடவில்லை. 77இல் இருந்து இருவர் முன்னிலையிலும் ஆடிக் காட்டினேன். 79ஆவது நகர்த்தலின் முடிவில் வெள்ளை ராஜா இ5, கறுப்பு யானை இ1, வெள்ளையின் முறை. ஒன்று. 81 முடிவில் அதே நிலை. இரண்டு. இப்போது எழுதியிருக்கும் 83. மூன்று.

கணக்கர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை யானையை இ1இல் நான் வைப்பதற்கு முன்பே அவர் கை நீண்டுவிட்டது. "கரெக்ட் சார். நல்லா தடுத்தீங்க மேடம்." ஆசிரியை எழுந்து நின்று கை கொடுத்தார். இருவரும் தாளில் அரை, அரை என்று எழுதி, மாற்றிக் கையெழுத்திட்டார்கள்.

சென்னையில் 1972இல் சோவியத் பண்பாட்டு மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியதில் இருந்து நம் ஊர் செஸ் வரலாற்றை நாம் சாம்பியன்களை வைத்தே சொல்லி வருகிறோம். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரன், அந்த கிளப்பில் வந்து ஆடி வளர்ந்து 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆனந்த், இப்போது குகேஷ். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த கிளப்புகளில் அவர்களோடு உட்கார்ந்து ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் பட்டம் எதுவும் வாங்காதவர்கள். வங்கியில், பள்ளியில், மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு ஆடியவர்கள். ஃபிலிடோரின் பாடம் இரண்டரை நூற்றாண்டு தாண்டி கரூர் வரை வந்தது அப்படிப்பட்டவர்கள் கைமாற்றிக் கைமாற்றித்தான். ஆசிரியைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர் ஊர் கிளப்பில் ஆடும் ஓய்வுபெற்ற தபால்காரர் என்று பிறகு தெரிந்தது.

மண்டபத்தில் ஆட்டம் முடிந்தபின் பேசக்கூடாது. இருவரும் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளித் திண்ணைக்குப் போய்விட்டார்கள். அனாலிசிஸ் என்று சொல்லும் அந்த அரைமணி நேரத்தை நான் எந்தப் போட்டியிலும் தவறவிடுவதில்லை. கடைசித் தாளை வாங்கி வைத்துவிட்டு நானும் போய் நின்றேன்.

"எங்க விட்டேன்னே தெரியல டீச்சர். ஒரு சிப்பாய் கூட இருந்துச்சு."

"44ல ஏ சிப்பாயை மாத்தினீங்களே சார், அப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு. எல்லாம் ஒரே பக்கம் வந்துருச்சு. அதுக்கப்புறம் ஒரு இடத்துல நின்னா போதும்."

அவர் சொன்னது முழு உண்மை. சிப்பாய்கள் இரண்டு பக்கமும் இருந்தால் தடுப்பவர் இங்கும் அங்கும் ஓட வேண்டும், யானை ஒன்றுதான், அதற்குக் கால் போதாது. எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்தால் நாலுக்கு மூன்று என்பது யானை எண்ட்கேமில் பெரும்பாலும் டிரா. ஜெயிக்க நினைப்பவர் கடைசிவரை இரண்டு பக்கத்தையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒரு சிப்பாய் அதிகம் இருக்கும்போது மாற்ற வேண்டியது பெரிய காய்களை, சிப்பாய்களை அல்ல.

கணக்கர் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துக் காய்களை 43ஆவது நகர்த்தலுக்குத் திருப்பி அடுக்கினார். ஏ சிப்பாயை அதன் கட்டத்தில் வைத்து, அதை மாற்றாமல் யானையைப் பின்னால் கொண்டுபோனார். கிளாக் இல்லாமல் அங்கிருந்து ஆடினார்கள். இந்தத் தடவை ஏ சிப்பாயைத் தடுக்க கறுப்பு யானை இடப்பக்கம் போக, வலப்பக்கம் வெள்ளை ராஜா உள்ளே நுழைந்துவிட்டது. கணக்கர் ஜெயித்தார். ஆசிரியை, "சார், நான் யானையை முன்னாடியே பின்னால விட்டா?" என்று கேட்டுக்கொண்டே காய்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.